வீட்டுத் தொட்டியில் மீன்கள் ஒன்றையொன்று கடிக்கிறதா? காரணம் என்ன, உடனே என்ன செய்யணும்?

ஞாயிற்றுக்கிழமை கடையில் வாங்கி, கவரோடு மிதக்கவிட்டு, பிள்ளைகள் கைதட்ட தொட்டியில் விட்ட மீன்கள். புதன்கிழமை காலையில் பார்த்தால் ஒன்று வால் கிழிந்து மூலையில் ஒதுங்கி நிற்கிறது. இன்னொன்று அதையே சுத்திச் சுத்தி விரட்டுது. "ஒண்ணா விடலாம்னுதானே கடையில சொன்னாங்க?" என்ற கேள்வி எழுகிறது.

வில்லியனூர், பாகூர் பக்கம் இதில் இன்னொரு வகையும் உண்டு. ஏரியிலோ வாய்க்காலிலோ பிள்ளைகள் பிடித்து வந்த குட்டி மீனை, கடையில் வாங்கிய மீன்களோடு சேர்த்து விடுவது. ரெண்டு மாசத்துல அந்தக் குட்டி வளர்ந்து, தொட்டியே அதன் ராஜ்ஜியம் ஆகிவிடும்.

மீன்கள் ஏன் சண்டை போடுகின்றன, எதைச் செய்தால் நிற்கும் என்று பார்க்கலாம்.

மீன்கள் ஏன் அடிச்சுக்குது?

கோபமோ, கெட்ட குணமோ காரணம் இல்லை. இடம், இரை, இணை, குஞ்சு: இந்த நாலுக்காகத்தான் பெரும்பாலான சண்டை.

ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கொன்ராட் லோரென்ஸ், 1963-ல் வெளியான தன் புத்தகத்தில் பவளப்பாறை மீன்களைப் பற்றி எழுதினார். வேறு இனத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளாத மீன்கள், தன் இனத்து மீனைக் கண்டால் பாய்கின்றன என்பது அவர் கவனித்தது. ஒரே இரை, ஒரே மாதிரி இடம், ஒரே இணைக்குப் போட்டி போடுவது சொந்த இனம்தானே. அவருக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. வீட்டுத் தொட்டியிலும் இதே கதைதான். உருவமும் நிறமும் ஒத்துப்போகிற மீன்களுக்குள்தான் மோதல் அதிகம்.

இயற்கையில் சாகாத மீன் தொட்டியில் ஏன் சாகிறது?

ஃபைட்டர் மீனை எடுத்துக்கொள்வோம். இதன் தாயகம் தாய்லாந்து. 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. ஆழம் குறைந்த, பாசி படர்ந்த தண்ணீரும் நெல் வயல்களும்தான் அதன் வீடு. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரின் வயல்வெளியை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு வயலில் ரெண்டு ஆண் மீன்கள் மோதினால், தோற்றது புல்லுக்குள் புகுந்து ஓடிவிடும். கண்ணுக்கு மறைந்ததும் ஜெயித்தது விரட்டுவதை விட்டுவிடும்.

தொட்டியில் ஓட இடம் இல்லை. தோற்ற மீன் எங்கே போனாலும் ஜெயித்த மீனின் கண்ணில் படும். அதனால் ஒரு நிமிஷத்தில் முடிய வேண்டிய சண்டை நாள் முழுக்க நடக்கிறது. காயத்தால் மட்டும் மீன் சாவதில்லை. பயத்தில் சாப்பிடாமல், நோய் எதிர்ப்பு குறைந்தும் சாகும். கண்ணுக்கு மறைய இடம் கிடைத்தால் பாதிச் சண்டை அடங்கும்.

உங்க தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கு?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி முழுசா நிரம்பினால் சுமார் 56 லிட்டர். கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போனால் 45 லிட்டர் அளவுதான் மிஞ்சும். வட்டக் கண்ணாடிக் கிண்ணம் அதையும் விடச் சின்னது. மறைய மூலைகூட கிடையாது.

இந்த அளவை வைத்துப் பார்த்தால்:

* ஃபைட்டர்: ஆண் ஒன்று மட்டும். இன்னொரு ஆண் கூடவே கூடாது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைப் பார்த்துக்கூட செவுளை விரிக்கும். அப்படி நாள் முழுக்க செய்தால் விளக்கின் இடத்தை மாற்றுங்கள்.
* கப்பி, மோலி, பிளாட்டி: ஒரு ஆணுக்கு 2 அல்லது 3 பெண். ஆண்கள் அதிகமானால் பெண் மீனை விடாமல் துரத்திக் களைப்பாக்கிவிடும்.
* டைகர் பார்ப்: ரெண்டு, மூணு வாங்குவதுதான் தப்பு. கூட்டமாக வாழும் மீன் இது. 6 முதல் 8 வரை இருந்தால் தங்களுக்குள்ளேயே விளையாடிக்கொள்ளும். குறைவாக இருந்தால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் போன்ற நீளத் துடுப்பு மீன்களோடு வேண்டாம்.
* ஏஞ்சல்: கடையில் நாணயம் அளவில் இருப்பது உள்ளங்கை அளவுக்கு வளரும். ஜோடி சேர்ந்து முட்டை வைத்துவிட்டால் மற்ற மீன்களை ஒரு மூலைக்கே தள்ளிவிடும்.
* ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன்: இரண்டடித் தொட்டிக்கு ஏற்றதே இல்லை. ஆஸ்கர் ஓரடி வரை வளரும்.
* சக்கர்: 'தொட்டியைச் சுத்தம் பண்ணும்' என்று கொடுப்பார்கள். வளர்ந்தபின் ராத்திரியில் தங்கமீன் மாதிரி மெதுவான மீன்களின் உடம்பு வழவழப்பைச் சுரண்டும்.

ஏரி மீனைத் தொட்டியில் விடலாமா?

பிள்ளைகள் பிடித்து வருவதில் பெரும்பாலும் ஜிலேபி கெண்டைக் குஞ்சுதான் இருக்கும். இது நம்ம ஊர் மீனே இல்லை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் தரையில் குழி பறித்து, அந்த இடத்துக்கு யாரையும் விடாது. கல்லையெல்லாம் புரட்டிப்போடும். விரால் குஞ்சு இன்னும் மோசம். அது வேட்டை மீன். வாயில் அடங்குவதையெல்லாம் விழுங்கிவிடும். ரெண்டுமே அழகு மீன்களோடு சேராது.

சண்டையைக் கண்டதும் என்ன செய்யணும்?

1. பத்து நிமிஷம் பாருங்க. எல்லாத் துரத்தலும் சண்டை இல்லை. ஆண் பெண்ணைச் சுற்றுவது இணை சேர்வதற்காக இருக்கலாம். ஒரு மீன் துடுப்பை ஒடுக்கி, நிறம் மங்கி, சாப்பிட வராமல், மேல் மூலையிலேயே நின்றால் ஆபத்து. எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் அது சண்டை இல்லை, தண்ணீர்ப் பிரச்சினை.

2. அடிக்கிற மீனை வெளியே எடுங்க. நிறைய பேர் அடிபட்டதைத்தான் எடுப்பார்கள். காயம் பெரிதாக இருந்தால் அது சரி. மற்றபடி அடிக்கும் மீனை 3 முதல் 7 நாள் வேறு பாத்திரத்தில் வையுங்கள். திரும்பி வரும்போது அதற்கு 'சொந்த இடம்' என்று எதுவும் இருக்காது. தனித் தொட்டி இல்லாவிட்டால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தடுப்பை நடுவில் செருகலாம்.

3. உள்ளே இருப்பதை மாற்றி அடுக்குங்க. கல், செடி, குகை எல்லாவற்றையும் இடம் மாற்றிய பிறகே அந்த மீனைத் திரும்ப விடவும். எல்லைகள் கலைந்துபோவதால் எல்லா மீனும் புதுசா இடம் தேட ஆரம்பிக்கும்.

4. மறைவிடம் வையுங்க. இதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. பெயின்ட், வார்னிஷ் பூசாத சின்னச் சட்டியோ பூந்தொட்டியோ போதும். கூர்முனையைத் தேய்த்து, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, படுக்க வையுங்கள். சண்டை போடும் மீன்களின் எண்ணிக்கையை விட ஒரு மறைவிடம் கூடுதலாக இருக்கட்டும். வேலம்பாசியும் நல்ல திரை. குளத்துப் பாசி என்றால் ஒரு வாரம் தனி வாளியில் வைத்து, நத்தை, தும்பிப் புழு இல்லை என்று பார்த்த பிறகு போடுங்கள்.

5. ரெண்டு பக்கமும் இரை போடுங்க. ஒரே இடத்தில் போட்டால் பலமான மீன் காவல் நின்றுவிடும்.

6. புது மீனை இரவில் விடுங்க. பழைய மீன்களுக்கு இரை போட்டு, விளக்கை அணைத்துவிட்டு விடவும். இருட்டில் முதல் மோதல் தவிரும்.

கடிபட்ட மீனுக்கு என்ன வைத்தியம்?

சுத்தமான தண்ணீர்தான் முதல் மருந்து. கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்கவும். போர் தண்ணீர் என்றால் வாளியில் சில மணி நேரம் காற்றுக்குழாய் விட்டு ஊற்றவும். தனிப் பாத்திரத்தில் இருக்கும் மீனுக்கு லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு கரைத்து விடலாம். கிழிந்த துடுப்பு பெரும்பாலும் தானாக வளரும். காயத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்தால் அது பூஞ்சைத் தொற்று. அப்போது மருந்து தேவை.

கோடையில் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீர் சூடானால் அதில் ஆக்ஸிஜன் குறையும். கரண்ட் போய் மோட்டாரும் நின்றால், ஏற்கெனவே அடிபட்ட மீன்தான் முதலில் போகும்.

அடங்கவே மாட்டேங்குது, ஏரியில் விட்டுடலாமா?

வேண்டவே வேண்டாம். பாவம் பார்த்து செய்வதுதான் பெரிய தப்பாக முடியும். ஊசுட்டேரி 2008-ல் புதுச்சேரி அரசால் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாகூர் ஏரி பாசனத்துக்கும் ஆதாரம். அங்கே ஒரு சக்கர் மீனை விட்டால் அது வளர்ந்து, பெருகி, நம்ம ஊர் மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். முள்ளுடம்பால் மீனவர்களின் வலையையும் கிழிக்கும். தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது.

வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம். தனித் தொட்டியில் வைக்கலாம். அடுத்த முறை வாங்கும்போது கடையில் மூணு கேள்வி கேளுங்கள்: இது எவ்வளவு பெருசா வளரும்? தனியா இருக்குமா, கூட்டமா இருக்குமா? என்கிட்ட இருக்கிற மீனோட சேருமா? பதில் தெளிவாக இல்லையென்றால், அன்றைக்கு மீன் வாங்காமல் திரும்புவதே நல்லது.