புகைபோக்கியும் நீலவானும்: சீன நகர மாந்தரின் சூழற் பிரக்ஞை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சூழல் பற்றிய மக்கள் பிரக்ஞையின் தோற்றத்தை ஆராய்வோர் அதனை வருமான உயர்வின் விளைவாகவோ கல்விப் பெருக்கத்தின் விளைவாகவோ விளக்குவது வழக்கம். வயிறு நிறைந்த பின்னரே மனிதன் வானை அண்ணாந்து பார்க்கிறான் என்பது இவ்விளக்கத்தின் சாரம். சீன நகரங்களைப் பொறுத்தவரை இது முற்றாகத் தவறானது என்று கூறுவதற்கில்லை. 1978ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களின் பின் அங்கு உருவாகிய மத்தியதர வர்க்கமே சூழற் பிரச்சினைகளைப் பொதுப் பேச்சுக்குக் கொணர்ந்தது என்பது கண்கூடு. ஆயின், ஒரு வர்க்கம் எதனைப் பிரச்சினையாகக் காண்கிறது, எதனைக் காணாது விடுகிறது என்ற வினாவுக்கு வருமானக் கணக்கு விடை தராது. எரிபொருளும் புகையும் சீன நகர மாந்தரின் உணர்வில் பெற்ற இடம் கடந்த நூறாண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதையும், அம்மாற்றத்தின் வர்க்க எல்லைகள் யாவை என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

நவீன சீனக் கவிதையின் முன்னோடிகளுள் ஒருவரான குவோ மோருவோ, 1920இல் ஜப்பானின் மோஜித் துறைமுகத்தைக் குன்றின் மீதிருந்து கண்டு எழுதிய கவிதையில், கப்பற் புகைபோக்கிகளிலிருந்து எழும் கரும்புகையைப் புதிய நூற்றாண்டின் மலராகக் கொண்டாடினார். இன்றைய வாசகனுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயின், அந்நிய வல்லரசுகளின் காலடியிற் கிடந்த அரைக்காலனித்துவ நாடொன்றின் இளைஞனுக்குப் புகை என்பது ஆற்றல், இயக்கம், விடுதலையின் முன்னறிவிப்பு. 1949இன் பின் இவ்வுணர்வே அரச கொள்கையாயிற்று. தியனன்மென் வாயிலின் மேலிருந்து நோக்கும்போது எங்கும் புகைபோக்கிகள் தென்படவேண்டும் என மாஓ சேதுங் விரும்பியதாக, பீஜிங் நகரத் தலைவர்களுள் ஒருவரான பெங் சென் தம்மிடம் கூறியதைக் கட்டடக்கலை அறிஞர் லியாங் சிசெங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பழைய நகரின் அமைப்பையும் மதில்களையும் பேணவேண்டும் என வாதிட்ட லியாங் அவ்வாதத்தில் தோல்வியுற்றார்.

நிலக்கரி வெறும் குறியீடாக மட்டும் இருக்கவில்லை. ஹுவாய் ஆற்றையும் சின்லிங் மலைத்தொடரையும் இணைக்கும் கோட்டுக்கு வடக்கேயுள்ள நகரங்களுக்குக் குளிர்கால வெப்பத்தை வழங்கும் ஏற்பாட்டை அரசு 1950களில் தொடங்கியது. வேலைத்தலங்களின் ஊடாக இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ வழங்கப்பட்ட இவ்வெப்பம் நிலக்கரியினாற் பெறப்பட்டது. எனவே வடசீன நகரத் தொழிலாளிக்கு நிலக்கரி ஒரு சமூக உரிமையாகவே அறிமுகமாயிற்று. இவ்வுரிமை கிராமத்து விவசாயிக்கு வழங்கப்படவில்லை. நகரத்தவரையும் கிராமத்தவரையும் சட்டப்படி வேறுபடுத்திய 1958ஆம் ஆண்டுக் குடிப்பதிவு முறை இப்பிளவை மேலும் உறுதிப்படுத்தியது. சூழற் பிரக்ஞையின் பிற்கால வரலாற்றை விளங்கிக்கொள்ள இப்பிளவு இன்றியமையாதது. மேற்படி உரிமைக்கு உடல் கொடுத்த விலையோ அரை நூற்றாண்டுக்குப் பின்னரே கணக்கிடப்பட்டது. ஹுவாய் கோட்டுக்கு வடக்கே மாசுற்ற வளியினால் மனிதரின் ஆயுட்காலம் ஏறத்தாழ 5.5 ஆண்டுகள் குறைவுற்றதென 2013இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. புதிய தரவுகளுடன் 2017இல் வெளிவந்த தொடராய்வு இதனை 3.1 ஆண்டுகளாகக் கணித்தது.

அரசு இதனை முற்றும் அறியாதிருந்தது என்பதும் சரியன்று. பீஜிங்குக்கு நீர் வழங்கிய குவான்திங் நீர்த்தேக்கம் மாசுற்றமை 1972இல் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் ஸ்டொக்ஹோம் சூழல் மாநாட்டிற் சீனா பங்குபற்றியது. 1973 ஓகஸ்டில், பிரதமர் சூ என்லாயின் முயற்சியால், முதலாவது தேசியச் சூழற் பாதுகாப்பு மாநாடு பீஜிங்கில் நடைபெற்றது. 1979இல் சூழற் பாதுகாப்புச் சட்டம் பரீட்சார்த்தமாக இயற்றப்பட்டது. ஆயின், இவ்வறிவு நிர்வாகத்தின் அறிவாக இருந்ததேயன்றி மக்களின் அறிவாக ஆகவில்லை.

2

மக்கள் மத்தியில் அமைப்புரீதியான சூழல் இயக்கம் 1994இலேயே தோன்றிற்று. அவ்வாண்டு தொடங்கப்பட்ட ‘இயற்கையின் நண்பர்கள்’ என்னும் அமைப்பின் நிறுவுநர் வரலாற்றாசிரியர் லியாங் சொங்ஜியே. மதில்களைக் காக்க வாதிட்டுத் தோற்ற லியாங் சிசெங்கின் மகன் இவர். தந்தையின் தனிக்குரல் மகனின் காலத்தில் ஒரு சமூகப் பகுதியின் குரலாகியமை, இடைப்பட்ட காலத்திற் புத்திஜீவிகள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர் அடங்கிய புதியதொரு தளம் உருவாகியிருந்ததைக் காட்டுகிறது. எனினும் அத்தளத்தின் தொடக்ககால அக்கறைகள் யாவை? யுன்னான் காடுகளின் சப்பைமூக்குக் குரங்குகளும் திபெத்திய மேட்டுநிலத்து மான்களுமே அதன் புகழ்பெற்ற இயக்கங்களின் பொருளாயின. இவை பாராட்டத்தக்க பணிகளே. ஆயின், தொழிற்சாலையின் அண்டையில் வாழ்வோரின் மூச்சைப் பற்றிப் பேசுவதிலும் பார்க்கத் தொலைதூரக் காட்டைப் பற்றிப் பேசுவது அரசியல் ரீதியிற் பாதுகாப்பானதாயிருந்தது என்பதையும் மறத்தலாகாது.

சூழல் தொலைதூரப் பொருளன்று என்பதை நகர மாந்தருக்கு உணர்த்தியவை விபத்துக்களே. 2005 நவம்பர் 13இல் ஜிலின் நகர இரசாயன ஆலையில் வெடிப்பு நிகழ்ந்து பென்சீன் முதலான நச்சுப்பொருள்கள் சொங்ஹுவா ஆற்றிற் கலந்தன. ஆற்றின் கீழ்ப்புறத்தேயுள்ள ஹார்பின் நகரின் நிர்வாகம், குழாய்களைப் பராமரிப்பதற்காக நீர் நிறுத்தப்படும் என்று முதலில் அறிவித்தது. உண்மைக் காரணம் அடுத்த அறிவித்தலிலேயே வெளிவந்தது. பல இலட்சம் மக்கள் நான்கு நாட்கள் குழாய்நீரின்றி இருந்தனர். தண்ணீரைப் பற்றிய பிரக்ஞையும் தகவலைப் பற்றிய பிரக்ஞையும் ஒன்றாகவே பிறந்தன என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஈராண்டுகளின் பின் சியாமென் துறைமுக நகரில் இப்பிரக்ஞை செயலாகியது. அங்கு அமையவிருந்த பராசைலீன் ஆலையை இடம் மாற்றுமாறு 2007 மார்ச்சில் பேராசிரியர் சாவோ யூஃபென் உள்ளிட்ட 105 பேர் தேசிய அரசியல் ஆலோசனை மாநாட்டில் பிரேரணை சமர்ப்பித்தனர். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்திகள் வாயிலாகச் செய்தி பரவிற்று. ஜூன் 1ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் வீதிகளில் இறங்கினர். ஆர்ப்பாட்டம் என்ற சொல்லைத் தவிர்த்து, உலாவுதல் எனப் பொருள்படும் ‘சான்பு’ என்ற நாளாந்தச் சொல்லால் அவர்கள் தம் செயலைக் குறித்தனர். தடைசெய்யப்பட்ட அரசியலை மக்கள் மொழி தன் சாதாரணச் சொற்களுக்குள் வைத்துக் காப்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

சியாமென் மக்கள் வென்றனர். ஆலை எங்கே சென்றது என்பதே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய வினா. அது அதே மாகாணத்தின் ஜாங்ஜோ பகுதியிலுள்ள குலெய் குடாநாட்டுக்குச் சென்றது. அப்பகுதியிலும் 2008இல் எதிர்ப்பு எழுந்தது. எனினும் மீனவரும் விவசாயிகளும் வாழ்ந்த அக்கரையின் குரல், பேராசிரியர்களும் வீட்டுச் சொந்தக்காரரும் நிறைந்த நகரின் குரலைப் போன்று கேட்கப்படவில்லை. 2013இலும் 2015 ஏப்ரலிலும் குலெய் ஆலையில் வெடிப்புகள் நிகழ்ந்தன.

3

சூழற் பிரக்ஞை நகரப் பொதுமக்கள் யாவரையும் தழுவிய காலம் 2011 முதல் 2015 வரையிலானது எனலாம். அக்காலத்தில் உலகின் நிலக்கரி நுகர்வில் ஏறத்தாழ அரைவாசி சீனாவுக்குரியதாயிருந்தது. பீஜிங்கின் அமெரிக்கத் தூதரகம் 2008 முதல் அளந்து வெளியிட்ட 2.5 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த நுண்துகள்களின் அளவு, நகர நிர்வாகத்தின் அறிவித்தல்களோடு முரண்பட்டது. 2013 ஜனவரி 12இல் தூதரகத்தின் மாசுச் சுட்டெண், அளவுகோலின் உச்சமான 500ஐயும் கடந்து 755ஐ எட்டியது. இவ்விடைக்காலத்திற் சொற்களும் மாறின. முன்னர் ‘வூ’ (மூடுபனி) என்று வானிலை நிகழ்வாகக் கூறப்பட்டது, ‘வூமாய்’ (புகைமூட்டம்) என்று மனிதச் செயலின் விளைவாகப் பெயர் பெற்றது. 2014 நவம்பரில் ஏபெக் மாநாட்டுக்காகத் தொழிற்சாலைகள் மூடப்பட்டு வானம் தெளிந்தபோது, அழகானதாயினும் நிலையற்றது என்ற பொருளில் ‘ஏபெக் நீலம்’ என்ற அங்கதத் தொடர் மக்கள் வழக்கில் எழுந்தது.

பியூ ஆய்வு நிலையத்தின் கணிப்பின்படி, வளி மாசடைதலை மிகப் பெரிய பிரச்சினையாகக் கருதிய சீனர் 2012இல் 36 வீதத்தினர். 2013இல் 47 வீதத்தினர். அதே நிலையம் 2015இல் நடத்திய ஆய்விற் காலநிலை மாற்றத்தை மிகப் பாரதூரமான பிரச்சினையாகக் கருதியோர் 18 வீதத்தினரே. கண்ணுக்கும் மூச்சுக்கும் எட்டிய புகை பிரக்ஞையில் இடம்பெற்றது. அதே நிலக்கரியிலிருந்து எழும், கண்ணுக்குப் புலப்படாத கரியமிலவாயு இடம்பெறவில்லை.

2015 பெப்ரவரி இறுதியில் ஊடகவியலாளர் சாய் ஜிங் வெளியிட்ட ‘குவிமாடத்தின் கீழ்’ என்ற ஆவணப்படத்தைச் சில நாட்களில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட தடவைகள் மக்கள் பார்த்தனர். ஒரு வாரத்தினுள் அது இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. நோயுற்றுப் பிறந்த தன் குழந்தையைப் பற்றிய ஒரு தாயின் கதையாக அது தொடங்குகிறது. எண்ணெய்க் கைத்தொழிலிற் போட்டியும் கண்டிப்பான சட்ட அமலாக்கமும் அது கூறும் முக்கிய பரிகாரங்கள். இப்படத்தின் துணிவை நாம் மதித்தல் வேண்டும். ஆயின், அதன் நோக்குநிலை சாளரத்தை மூடி, வளி வடிகட்டியை இயக்கக்கூடிய வீட்டினுள்ளிருந்து வெளியே பார்க்கும் நோக்குநிலையாகும்.

4

மக்களின் இவ்வுணர்வு வீண்போகவில்லை. 2013 செப்தெம்பரில் வளி மாசுத் தடுப்புச் செயற்றிட்டம் வெளியாயிற்று. 2014இல் பிரதமர் லீ கெச்சியாங் மாசுக்கு எதிரான போரைப் பிரகடனம் செய்தார். பீஜிங்கின் ஆண்டுச் சராசரி நுண்துகள் அளவு 2013இல் ஒரு கன மீற்றருக்கு 89.5 மைக்கிரோகிராமாக இருந்து, 2017இல் 58 ஆகவும், 2024இல் 30.5 ஆகவும் வீழ்ந்தது. இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இதன் செலவை யார் ஏற்றனர்? 1919இல் தொடங்கிய ஷௌகாங் உருக்காலை 2010இன் இறுதியுடன் பீஜிங்கில் உற்பத்தியை நிறுத்தி, ஹெபெய் மாகாணத்துத் தாங்ஷான் கரையோரத்துக்குப் பெயர்ந்தது. அதன் பழைய நிலத்தில் 2022ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் பனிச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. தாங்ஷானோ சீனாவின் மாசு மிக்க நகரங்களின் பட்டியலிற் பல ஆண்டுகள் இடம்பெற்றது. ஹெபெய் மாகாணத்தின் வளியும் பின்னர் தெளிவடைந்தது உண்மையே; ஆயின் அத்தெளிவின் சுமையும் அம்மாகாணத்து ஏழைகள் மீதே விழுந்தது. 2017ஆம் ஆண்டுக் குளிர்காலத்தின் முன் பீஜிங், தியன்ஜின், அவற்றைச் சூழ்ந்த 26 நகரப் பகுதிகளில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலக்கரியிலிருந்து வாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாற்றப்பட்டன. வாயு போதாதாயிற்று. ஹெபெய்யின் சூயாங் மாவட்டப் பாடசாலையொன்றில் வெப்பமற்ற வகுப்பறைகளை விட்டு வெளியே வந்த சிறுவர் வெயிலில் அமர்ந்து படித்தனர். டிசெம்பர் தொடக்கத்தில் அரசு நிலக்கரித் தடையைத் தளர்த்த நேர்ந்தது. நகரத் தொழிலாளிக்கு 1950களில் வழங்கப்பட்ட வெப்பத்தைப் பெறாத அதே கிராமம், 2017இல் நகரத்தின் நீலவானுக்காகத் தன்னிடமிருந்த அடுப்பையும் இழந்தது.

வீட்டு வசதிப் பிரச்சினை பற்றி 1872இல் எழுதிய எங்கெல்ஸ், முதலாளித்துவம் நகரின் இழிந்த குடியிருப்புகளை ஒழிப்பதில்லை, அவற்றை வேறிடத்துக்கு நகர்த்துகிறது என்று எடுத்துக்காட்டினார். எரிபொருளின் புகைக்கும் இக்கூற்று பொருந்தும். 2024இல் சீனாவில் விற்பனையான புதிய கார்களில் ஏறத்தாழ அரைவாசி, கலப்பு வகைகள் உட்பட, மின்னேற்றக்கூடிய வகையின. மின்சாரத்தில் ஓடும்போது நகர வீதியில் அவை புகைவதில்லை. ஆயின், அந்நாட்டு மின்சாரத்தில் அரைவாசிக்கும் மேற்பட்ட பகுதி அவ்வாண்டிலும் நிலக்கரியினாலேயே பிறந்தது. 2021 செப்தெம்பரில் வடகிழக்கு நகரங்களின் வீடுகள் இருண்டபோது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற வினா சில வாரங்கள் பொதுப் பேச்சாயிற்று. அதற்கு அரசு தந்த உடனடி விடை சுரங்கங்களின் விரிவாக்கமே. 2020இல் ஏறத்தாழ 390 கோடி தொன்னாக இருந்த நிலக்கரி உற்பத்தி, 2023இல் ஏறத்தாழ 470 கோடி தொன்னாக உயர்ந்தது. சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலோ நகரத்தின் சூழற் பிரக்ஞையிற் பெரிதும் இடம்பெறவில்லை.

இந்நகர்வு நாட்டின் எல்லையோடு நின்றதுமில்லை. புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரை மூன்று கட்டங்களாக இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற் நிலக்கரி மின்னிலையம், சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனிற் சீன நிறுவனமொன்றினால் அமைக்கப்பட்டதாகும். பீஜிங் தன் வானைத் தெளிவாக்க முனைந்த அதே ஆண்டுகள் இவை என்பது கவனிக்கற்பாலது. வெளிநாடுகளிற் புதிய நிலக்கரி மின்னிலையங்களைக் கட்டுவதில்லை எனச் சீனா அறிவித்தது 2021 செப்தெம்பரிலேயே.

சீனாவின் சாதனையை முற்போக்காளர் நம்மிடையே வாயாரப் புகழ்வதும், அதனை வெறும் சர்வாதிகாரத்தின் வெற்றியென்று பிறர் ஒதுக்குவதும் ஒருங்கே போதாத நிலைப்பாடுகள். நகர மாந்தரின் உணர்வு அரசின் கொடையன்று. மறைக்கப்பட்ட நீரையும் வளியையும் பற்றி அவர்கள் கேட்ட கேள்விகளின் விளைவு அது. அதேவேளை, கேள்வி கேட்கும் இடமும் வசதியும் யாருக்கு இருந்தனவோ அவர்களது வானமே முதலில் தெளிந்தது. எனவே ஒரு சமூகத்தின் சூழற் பிரக்ஞையை அளவிட முற்படுவோர் தலைநகரின் நுண்துகள் அளவை மட்டும் நோக்குதல் போதாது. குலெய் கரையையும் சூயாங் வகுப்பறையையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும். புகையை அகற்றும் போராட்டம், அதன் செலவைப் பங்கிடும் போராட்டமாகவும் வளரும்போதே, அது மக்கள் அனைவரதும் பிரக்ஞையாக அமையும்.