‘ஃபெக்லெஸ்’ என்னும் பெயரடை

வீரியமும் பொறுப்புணர்ச்சியும் ஒருங்கே இல்லாமல், எடுத்த காரியம் எதையும் முடிக்கத் திராணியற்றுத் திரிபவனை ஆங்கிலத்தில் ‘ஃபெக்லெஸ்’ என்பர். ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘எஃபெக்ட்’ என்பதன் தலையும் வாலும் தேய்ந்து ‘ஃபெக்’ என்றாகி, இன்மை குறிக்கும் ‘லெஸ்’ விகுதியேற்றுப் பிறந்த சொல் அது. அதைப் பிரசித்தமாக்கியவர் என்று சொல்லப்படுபவர் தாமஸ் கார்லைல். ஸ்காட்லாந்தில் பிறந்து, 1834 முதல் 1881-இல் மறையும்வரை லண்டன் செல்ஸியில், இன்று நினைவில்லமாக விளங்கும் செய்னி ரோ வீட்டில் வாழ்ந்த அம்மேதை, அதன் மறுதலையான ‘ஃபெக்ஃபுல்’லையும் அவ்வாறே பரப்பியிருக்கலாகாதா என்று ஏங்குகிறது என் மனம்.

‘ஃபெக்லெஸ்’ஸை ஸ்பானியத்தில் பெயர்க்கப் புகுவோர்க்கு முதலில் கைகொடுப்பது ‘இனெஃபிகாஸ்’. இரண்டும் லத்தீனத்தின் ஒரே வினைச்சொல்லின் சந்ததி. ஆயினும், பலிக்காத மருந்துக்கும் பயன் தராத நடவடிக்கைக்கும் இயல்பாகப் பொருந்தும் அந்த ஸ்பானியச் சொல், குடும்பத்தைக் கவனியாத ஒருவனைச் சுட்டும்போது, அவன் சுபாவத்தின்மீது விழவேண்டிய நிந்தையைத் தவறவிட்டுவிடுகிறது. ‘இனூட்டில்’ என்றால் உதவாக்கரை. ‘இர்ரெஸ்பொன்ஸாப்லே’ என்றால் பொறுப்பிலி. இடமறிந்து ஒன்றைத் தேர்வதோ, இரண்டையும் சேர்த்தெழுதுவதோதான் உசிதம்.

தமிழிலோ ‘துப்புக்கெட்டவன்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். பழந்தமிழில் வலிமையைக் குறித்த ‘துப்பு’, இன்று அப்பொருளில் ‘துப்பில்லை’, ‘துப்புக்கெட்ட’ போன்ற வசவுகளில்தான் பெரும்பாலும் உயிர்வாழ்கிறது.