நுரையீரல் நோயாளியை நடக்கச் சொன்னவர் யார்? ஒரு பாடநூல் கூற்றின் மறுவாசிப்பு

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சிஓபிடி உள்ளவருக்கு மருத்துவர் இன்று மருந்தோடு நடைப்பயிற்சியையும் எழுதிக்கொடுக்கிறார். இவ்வழக்கத்தின் தொடக்கம் எது என்று கேட்டால், சுவாச சிகிச்சை மாணவர்கள் ஒப்பிக்கும் விடை ஈகன் பெயரால் வழங்கும் பாடநூலிலிருந்து வருவது. அதன் சாரம் இது: 1950களின் தொடக்கத்தில் நியூயார்க் மருத்துவர் ஆல்வன் பாராக் உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தார், மருத்துவ உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஆக்சிஜனும் படுக்கை ஓய்வும் கொடுத்து நோயாளிகளின் தசைகளை நலியவிட்டது, 1960களில் பியர்ஸ் குழு பாராக் சொன்னதை மெய்ப்பித்தது.

இக்கூற்றின் பின்பாதியில் பிழையில்லை. முன்பாதியைத்தான் ஏற்பதற்கில்லை. முன்னோடி ஒருவர், செவிடான உலகம், கடைசியில் கிடைத்த அங்கீகாரம் என்ற அமைப்பு கதைக்குப் பொருந்தும், ஆவணங்களுக்குப் பொருந்தவில்லை.

முதலில் பாராக்கின் கட்டுரை. பிக்கர்மன், பெக் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதி 1952இல் நியூயார்க் மருத்துவக் கழக ஏட்டில் வெளியான அது, முப்பது பக்கத்துக்கு மேல் நீள்கிறது. காசநோய் அல்லாத நுரையீரல் நோய்களின் சிகிச்சை முன்னேற்றங்களே அதன் பொருள். பயிற்சி அங்கே ஒரு சிறு கூறு மட்டுமே. ஆக்சிஜன் சுவாசித்தபடி பயிற்சி செய்த நோயாளிகள் பின்னர் ஆக்சிஜன் இல்லாமலும் முன்பைவிட எளிதாக நடந்தார்கள். விளையாட்டு வீரர் பயிற்சியால் பெறும் மாற்றம் போன்ற ஒன்று இவர்களிடமும் நிகழ்ந்திருக்கலாம் என்று பாராக் தயக்கத்தோடு ஊகிக்கிறார். இதைக் கொள்கை அறிவிப்பாக வாசிப்பது பிற்காலத்தவர் ஏற்றிய பொருள். இதே பாராக் ஒரு பத்தாண்டுக்கு முன்தான், காசநோயாளியின் மார்பு அசையாமலே காற்றுப் பரிமாற்றம் நடக்கும்படி அழுத்தக் கூண்டு ஒன்றை உருவாக்கி, நுரையீரலுக்கு முழு ஓய்வு தர முயன்றவர். ஓய்வுக் கட்சியையும் பயிற்சிக் கட்சியையும் இரு வேறு ஆட்களாகப் பிரிக்க முடியாது என்பதற்கு அவரே சான்று.

அடுத்து, பயிற்சி 1952இல் புதிதும் அல்ல. சிலேசியாவின் கோர்பெர்ஸ்டார்ஃப் காசநோய் இல்லத்தில் மருத்துவர் பிரேமர் மலைச்சரிவு நடையைச் சிகிச்சையாக்கியதும், அவரிடம் நோயாளியாக இருந்த டெட்வைலர் 1876இல் ஃபால்கன்ஸ்டைனில் சாய்வு நாற்காலி ஓய்வுக்கு மாறியதும் தெரிந்த செய்திகள். நான் நின்று பார்க்க விரும்புவது இங்கிலாந்தின் ஃப்ரிம்லி காசநோய் இல்லத்தை. பிராம்ப்டன் மருத்துவமனையைச் சேர்ந்த அதன் மருத்துவர் மார்கஸ் பேட்டர்சன், 1908இல் லான்செட் இதழிலும் 1911இல் தனி நூலிலும் தம் 'படிநிலை உழைப்பு' முறையை விளக்கினார். காய்ச்சல் தணிந்த நோயாளி முதலில் நாளுக்கு அரை மைல் நடப்பார். அது படிப்படியாகப் பத்து மைல் வரை உயரும். அடுத்து கூடையில் மண் சுமப்பது, பிறகு சிறு மண்வாரி, பெரிய மண்வாரி, இறுதியில் குந்தாலி. உடல் வெப்பம் ஏறினால் உடனே படுக்கை.

இந்த ஏணியின் அமைப்பு இன்றைய நுரையீரல் மறுவாழ்வுத் திட்டங்களை வியக்கும் அளவு ஒத்திருக்கிறது. ஆனால் பேட்டர்சன் கண்காணித்தது மூச்சுத்திணறலை அல்ல, காய்ச்சலை. உழைப்பு நோய்நச்சைச் சிறு அளவில் இரத்தத்தில் கலக்கச் செய்து, தடுப்பூசி போல எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது என்பது அவர் கோட்பாடு. எதிர்ப்பாற்றலை இரத்தத்தில் அளப்பதாகக் கருதப்பட்ட, ஆல்ம்ரோத் ரைட்டின் ஆப்சோனின் குறியீடு அதற்கு முட்டுக்கொடுத்தது. குறியீட்டின் மதிப்பு சரிந்தபோது பயிற்சிக்கான மருத்துவ நியாயமும் சரிந்தது. நல்ல நடைமுறை தவறான விளக்கத்தோடு பிணைந்திருந்ததால் அதுவும் கூடவே சாய்ந்தது என்பது என் வாதம்.

காசநோய் இல்லங்களில் வென்ற ஓய்வுக் கொள்கைதான் பின்னர் சிஓபிடியின் ஒரு வகையான எம்ஃபிசீமா நோயாளியின் கட்டிலுக்கும் வந்ததா? நேரடி ஆவணம் எதையும் என்னால் முன்வைக்க இயலாது. ஆனால் அக்காலத்து மார்பு மருத்துவர்களில் பெரும்பாலோர் காசநோயில் பயின்றவர்கள். பாராக்கின் கட்டுரைத் தலைப்பே பிற நுரையீரல் நோய்களைக் 'காசநோய் அல்லாதவை' என்றுதான் வகுக்கிறது. இந்தப் பின்னணியில், கற்ற ஓய்வு கைப்பழக்கமாகத் தொடர்ந்தது என்பது வெறும் செவிட்டுத்தனம் என்பதைவிட வலுவான விளக்கம். ஓய்விலிருந்து பயிற்சிக்கு வந்த மாற்றத்துக்கு ஒற்றை ஆண்டைக் குறிப்பதும் வீண்.

ஓய்வின் அடித்தளம் ஆட்டம் கண்டதில் சென்னைக்குப் பங்குண்டு. 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளை வீட்டிலும் காசநோய் இல்லத்திலுமாகப் பிரித்து ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. வீட்டிலிருந்தோருக்கு ஓய்வும் நல்ல உணவும் குறைவு. ஆயினும் 1959இல் வெளியான முடிவுகளில் இரு பிரிவினரின் குணமும் ஏறத்தாழச் சமம். இது பயிற்சிக்கான ஆய்வல்ல. ஆனால் படுக்கை ஓய்வு இன்றியமையாதது என்ற நம்பிக்கையை உடைத்தது. நுரையீரல் மறுவாழ்வின் வரலாறுகள் இதைத் தவறவிடுவது வியப்பு.

அதன்பின் நடந்தவற்றில் எனக்கு மறுப்பில்லை. 1964இல் பியர்ஸ் குழு, பயிற்சிக்குப் பின் அதே வேலையை நோயாளிகள் குறைந்த இதயத்துடிப்போடும் குறைந்த மூச்சோடும் செய்வதைக் காட்டியது. நுரையீரல் அளவீடுகளோ மாறவில்லை. டென்வரில் தாமஸ் பெட்டி 1969இல் முழுமையான பராமரிப்புத் திட்டத்தை வெளியிட்டார். 1977இல் மெக்காவின் குழு வீட்டுப் படிக்கட்டையே பயிற்சிக் களமாக்கியது. 1991இல் கசபூரி, பயிற்சி பெற்ற நோயாளிகளின் இரத்தத்தில் தசை உழைப்பால் சேரும் லாக்டிக் அமிலம் குறைவதைக் காட்டியபோது, ஆதாயம் கால் தசையில் இருப்பது துலங்கியது. பேட்டர்சனிடம் இல்லாதிருந்த சரியான விளக்கம் இதுவே.

ஆகவே பாராக்கை முன்னோடி என்பதைவிட, பழைய நடைமுறையைக் காய்ச்சலிலிருந்து பிரித்து மூச்சோடு இணைத்தவர் என்று குறிப்பதே பொருந்தும். பாடநூலின் அடுத்த பதிப்பைத் திருத்துவோர் 1952க்கு முன் ஃப்ரிம்லியையும் அதற்குப் பின் சென்னையையும் சேர்க்க வேண்டும்.