கிளாஸுக்குப் பிறப்பு சுலபம், சாவுதான் கஷ்டம்

ஜாவா புரோகிராமில் எரர் வந்து, அது கொட்டுகிற நீளமான ஸ்டாக் ட்ரேஸைப் பொறுமையாகப் படித்திருக்கிறீர்களா? நடுவில் 'டாலர் ப்ராக்ஸி 23' மாதிரி ஒரு பெயர் இருக்கும். உங்க டீமில் யாரும் அப்படி ஒரு கிளாஸ் எழுதியிருக்க மாட்டார்கள். சோர்ஸ் கோடில் தேடினாலும் கிடைக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே புரோகிராம் தனக்குத் தானே செய்துகொண்ட கிளாஸ் அது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது சேர்ந்த குறிப்புகள் இவை.

புரோகிராமிங் பழக்கம் இல்லாதவர்களுக்கு: கிளாஸ் என்பது முறுக்கு அச்சு, ஆப்ஜெக்ட் என்பது முறுக்கு. அச்சை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு பிழிவதுதான் நமக்குத் தெரிந்த முறை. பிழியும்போதே புது அச்சு செய்துகொள்ள முடியுமா?

நார்வேயில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் கிளாஸ் என்ற கருத்து முதலில் வந்தது. அதில் இது முடியாது. கம்பைலர் வேலையை முடித்ததும் அச்சுகளின் பட்டியல் மூடிவிடும்.

1970களில் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பர்க் ஆகியோரின் குழு ஸ்மால்டாக்கை உருவாக்கியது. அங்கே கிளாஸும் ஒரு ஆப்ஜெக்ட்தான். ஸ்மால்டாக்-80இல் புது கிளாஸ் வேணும்னா, இருக்கிற ஒரு கிளாஸுக்கு 'உனக்குக் கீழே ஒன்று உண்டாக்கு' என்று மெசேஜ் அனுப்பினால் போதும். எழுதும் நேரம், ஓடும் நேரம் என்ற பிரிவே கிடையாது. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வேறு யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை என்றால், மற்ற ஆப்ஜெக்ட் போலவே கார்பேஜ் கலெக்டர் அள்ளிக்கொண்டு போய்விடும். பிறப்பும் சாவும் சாதாரணம்.

1995இல் வந்த ஜாவா பழைய பிரிவைத் திரும்பக் கொண்டுவந்தது. முதலில் கம்பைல், அப்புறம் ஓட்டம். ஆனா நெட்வொர்க் வழியாக வரும் ஆப்லெட்டை பிரவுசர் ஓட்டணுமே? அதற்காக கிளாஸ் லோடர் என்று ஒரு வாசல் வைத்தார்கள். பைட்டுகளின் வரிசை ஒன்றைக் கொடுத்தால் அதை கிளாஸாக மாற்றித் தரும். அந்த பைட்டுகள் டிஸ்கிலிருந்து வந்ததா, நெட்வொர்க்கிலிருந்து வந்ததா, இப்பத்தான் மெமரியில் கோர்த்ததா என்று அது கேட்பதில்லை. விதிப்படி இருந்தால் சரி.

அந்த வாசல் வழியாக எல்லோரும் புகுந்தார்கள். 2000இல் ஜேடிகே 1.3 ப்ராக்ஸி வசதியை அதிகாரபூர்வமாகத் தந்தது. சிஜிலிப், ஜாவாசிஸ்ட், ஏஎஸ்எம் போன்ற லைப்ரரிகள் வந்தன. ஹைபர்னேட் உங்கள் கிளாஸுக்குக் கீழே ஒரு ரகசியப் பிள்ளையை உண்டாக்கி, கேட்கும்போது மட்டும் டேட்டாபேஸுக்குப் போக வைத்தது. ஸ்ப்ரிங், டிரான்ஸாக்‌ஷன் தொடங்கி முடிக்கும் வேலையை அப்படியொரு பிள்ளையிடம் கொடுத்தது.

சிக்கல் சாவில் இருந்தது. ஜாவாவில் ஒரு கிளாஸ் தனியாகப் போக முடியாது. அதைக் கொண்டுவந்த லோடர் போனால்தான் அதுவும் போகும். லோடர் போகணும்னா, அது கொண்டுவந்த எல்லா கிளாஸும், அவற்றின் எல்லா ஆப்ஜெக்ட்டும் விடுபட்டிருக்கணும். எங்கோ ஒரு த்ரெட் ஒரே ஒரு ஆப்ஜெக்ட்டைப் பிடித்திருந்தாலும் மொத்தக் கூட்டமும் அங்கேயே நிற்கும். கிளாஸ்கள் குடியிருந்த பெர்ம்ஜென் பகுதிக்கோ உச்சவரம்பு உண்டு. நிரம்பினால் சர்வர் படுத்துவிடும். நான் பார்த்த ஓரிடத்தில், சில தடவை டெப்ளாய் செய்தால் ஒரு தடவை ரீஸ்டார்ட் என்பது எழுதாத சட்டம். ராத்திரி ஷிஃப்டில் யாரும் காரணம் கேட்டதில்லை.

ஜாவாவை உருவாக்கியவர்களுக்கே இந்தத் தொல்லை இருந்தது. ரிஃப்ளெக்‌ஷன் மூலம் ஒரு மெத்தடை 15 தடவைக்கு மேல் அழைத்தால், வேகத்துக்காக ஜேவிஎம் 2022 வரை அதற்கென ஒரு கிளாஸை உண்டாக்கியது. அது சீக்கிரம் சாகட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனி லோடர் வைத்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு சுடுகாடு!

2014இல் ஜாவா 8 பெர்ம்ஜென்னை நீக்கி மெட்டாஸ்பேஸ் கொண்டுவந்தது. வரம்பு தளர்ந்ததே தவிர விதி மாறவில்லை. அதே ஜாவா 8இல் லாம்டாவும் வந்தது. அதற்கான கிளாஸும் ஓடும்போதுதான் பிறக்கிறது. ஃப்ரேம்வொர்க்குகளின் தந்திரமாக இருந்தது மொழியின் அன்றாட வழக்கமாகிவிட்டது. கடைசியில் 2020 செப்டம்பரில், ஜேடிகே 15இல், மறைவு கிளாஸ்கள் வந்தன. பெயர் சொல்லி யாரும் தேடிப் பிடிக்க முடியாது. லோடர் உயிரோடு இருந்தாலும் தான் மட்டும் போகலாம். ஸ்மால்டாக்கில் ஆரம்பத்திலேயே இருந்த சுதந்திரத்துக்கு ஜாவா 25 வருஷம் எடுத்துக்கொண்டது.

இதற்கிடையே காற்று எதிர்ப்பக்கமும் அடிக்கிறது. கிரால்விஎம்மின் நேட்டிவ் இமேஜ், வேகமாகத் தொடங்குவதற்காக எல்லா கிளாஸும் பில்ட் நேரத்திலேயே தெரிந்தாக வேண்டும் என்கிறது. ப்ராக்ஸிகூட முன்கூட்டியே பதிவாகியிருக்கணும். பட்டியல் திரும்பவும் மூடுகிறது, சிமுலா 67இல் மூடிய மாதிரியே.