மெலிவதற்காகப் பட்டினி: மலையகத்து உடலில் என்ன நடக்கிறது?

மார்ச் மாதத்து மத்தியானம். ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில், லயன் வீடுகளுக்கான காணியுரிமை பற்றி ஒரு தாயிடம் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். அவருடைய 24 வயது மகள் மட்டும் இரண்டு சுவெட்டர்களைப் போட்டுக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். காய்ச்சலா என்று கேட்டேன். "இல்லக்கா, இப்பெல்லாம் எந்நேரமும் குளிருது" என்றார்.

நகரத்தில் ஒரு துணிக்கடையில் அவருக்கு வேலை. ஆவணியில் கல்யாணம். உயரம் 150 சென்ரிமீற்றர், எடை 60 கிலோவாக இருந்தது. போனில் கிடைத்த ஓர் உணவு அட்டவணையைப் பிடித்துக்கொண்டார்: காலையில் சீனியில்லாத பிளேன்டீ, மதியம் ஒரு அப்பிளும் இரண்டு பிஸ்கட்டும், இரவில் ஓர் அவித்த முட்டையும் கொஞ்சம் மரக்கறி சூப்பும். எப்படிக் கூட்டிப் பார்த்தும் அது 400 கலோரியைத் தாண்டவில்லை. பத்து வாரங்களில் 11 கிலோ குறைந்தது. கூடவே தலைமுடி கொத்தாக வரத் தொடங்கியது. இரண்டு மாதமாக மாதவிடாய் இல்லை. பஸ் பாதைக்கு ஏறும் படியில் ஒருநாள் மயங்கி விழுந்திருக்கிறார்.

மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாயி நிமிராமலே சொன்னார்: "நாங்க சோறில்லாம கெடந்தோம். இவ சோத்த வச்சிக்கிட்டு கெடக்குறா."

அம்மாயி சொன்னது 1973, 1974 ஆண்டுகளை. உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி இல்லாமல் பங்கீட்டு உணவு வெட்டப்பட்டபோது, சொந்தமாக ஒரு துண்டு வயல்கூட இல்லாத தோட்டத் தொழிலாளர்களைத்தான் அது மோசமாகத் தாக்கியது. தோட்டப்புற இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது. மலையகக் குடும்பங்கள் நகரத் தெருக்களில் கையேந்தி நின்றன. அந்தப் பட்டினியும் 1977 வன்முறையும் துரத்தியதால் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அவர்களிலும் அவர்களுடைய பிள்ளைகளிலும் பலர் 2009 இல் முள்ளிவாய்க்காலில் இன்னொரு பட்டினியைப் பார்த்தார்கள். இதை வாசிக்கும் சிலருக்கு இது சொந்தக் குடும்பக் கதையாகவே இருக்கும்.

கல்யாணத்துக்காகச் சாப்பிடாமல் இருப்பதும், கிடைக்காமல் சாப்பிடாதிருப்பதும் மனதுக்கு வேறுவேறு. ஈரலுக்கும் தசைக்கும் மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமசுக்கும் இரண்டும் ஒன்றுதான்.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினியில் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் ஒரு பரிசோதனையை நடத்தினார். போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 1945 இல் 24 வாரங்களுக்கு அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி. எடையில் கால்வாசி போனது. கோடையிலும் குளிர்ந்தது. நாடித்துடிப்பு மந்தமானது. எரிச்சலும் சோர்வும் கூடின. உணவைத் தவிர வேறு நினைப்பில்லாமல் சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கீஸ் இதை அரைப்பட்டினி என்றே அழைத்தார். அவர்கள் பெரிய உடம்புக்காரர்கள், வாரம் 35 கிலோமீற்றர் நடக்கவும் வேண்டியிருந்தது. அதனால் அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் 400 கலோரி எந்தக் கணக்கில் வரும்?

அந்த யுவதியின் உடல் நாள் முழுக்கப் படுத்தே இருந்தாலும் இதயம், மூளை, சிறுநீரகம் வேலை செய்ய ஏறத்தாழ 1,200 கலோரி வேண்டும். கிடைக்காதபோது உடல் முதலில் ஈரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோஜனை எடுக்கிறது. அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் தராசு காட்டும் அதிசயத்தில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். பிறகு கொழுப்போடு தசையும் கரைகிறது. தைரொயிட் ஹோர்மோனின் செயல் தணிந்து உடல் தன் செலவைக் குறைக்கிறது. இரண்டு சுவெட்டரின் காரணம் அதுதான். இந்த நிலையில் பிள்ளை தாங்க முடியாது என்று மூளை முடிவெடுத்து மாதவிடாயை நிறுத்துகிறது. அது நீண்டால் எலும்பும் தேயும். முடி உதிர்வு இரண்டு மூன்று மாதம் கழித்தே தெரிவதால், அதை ஷாம்புவின் குற்றம் என்று நினைப்பவர்கள் அதிகம்.

வேகமாக மெலிபவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. பொற்றாசியம் போன்ற உப்புகள் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் புரதத் திரவத்தை மட்டும் குடித்து மெலிந்தவர்களில் பலர் இதயத்துடிப்பு தடுமாறி இறந்தார்கள். 800 கலோரிக்குக் கீழே போகும் எந்த உணவுமுறையும் வைத்தியரின் கண்காணிப்பில் மட்டும் நடக்க வேண்டியது. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் தன்னிச்சையாகப் பட்டினி கிடந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

மலையகத்தில் இது கூடுதலாக உறுத்துகிறது. 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். சிறுவயதில் போசாக்குக் குறைந்து வளர்ந்த உடலில் தசையும் இரும்புச்சத்தும் ஏற்கனவே குறைவாக இருக்கலாம். அதே உடலுக்கு, பின்னாளில் மாவும் சீனியும் கூடும்போது வயிற்றில் கொழுப்பு சேர்ந்து நீரிழிவு வருவதும் எளிது. ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23 ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் 2004 இல் சொன்னதும் அதனால்தான். அந்த யுவதியின் சுட்டி ஏறக்குறைய 27. எடை குறைக்க நினைத்ததில் பிழையில்லை. 49 கிலோவில் அட்டவணைப்படி அவர் 'சரியான' எடையில்தான் இருக்கிறார். அதே எடையில்தான் மயங்கி விழுந்தார்.

நாளுக்கு 400, 500 கலோரி மட்டும் குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் இறங்கும். தோட்டத்து வீட்டில் இதற்கு ஓட்ஸ் தேடத் தேவையில்லை. நாளுக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் அதுவே 200 கலோரி. மூன்று ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, மிச்சத்தைச் சம்பலோடு மட்டும் தின்னாமல் பருப்பு, கடலை, நெத்தலி, முட்டை, கீரை ஏதாவதோடு தின்னலாம். புரதம் இருந்தால் தசை அவ்வளவாகக் கரையாது, பசியும் அடங்கும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. தேயிலைத் தோட்டத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். மலையேறிக் கொழுந்து பறிப்பவருக்குக் கடைக் கதிரையில் இருப்பவரின் அளவும் பொருந்தாது.

போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாண் துண்டை ஒளித்து வைப்பது, சோற்றுப்பானை காலியானால் பதறுவது போன்ற பழக்கங்கள் வன்னியில் நான் சந்தித்த சிலரிடம் இன்னும் இருக்கின்றன. கடும் உணவுக் கட்டுப்பாடு அந்தப் பழைய பதற்றத்தைக் கிளறி, பின்னர் அளவில்லாமல் சாப்பிட வைக்கக்கூடும். மினசோட்டா இளைஞர்களுக்கும் உணவு திரும்பக் கிடைத்தபோது பலருக்கு வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. கொழுப்பு முன்பிருந்ததைவிடக் கூடுதலாகச் சேர்ந்தது. நீண்ட நாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர் ஒரே நாளில் வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது. இரத்தத்தில் பொஸ்பேற்று சடுதியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியரிடம் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். மயக்கம், நெஞ்சு படபடப்பு, மூன்று மாதம் மாதவிடாய் இல்லாமை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த யுவதி போனார். இரத்தப் பரிசோதனையில் குருதிச்சோகை தெரிந்தது. ஜூனில் போன் எடுத்தபோது எடை 52 என்றார். இரவில் ஒரு ரொட்டியும் பருப்பும், மதியம் கடைக்கு அம்மாயி கட்டிக் கொடுக்கும் சோறும். இப்போது ஒரு சுவெட்டர் போதுமாம். மாதவிடாய் இன்னும் வரவில்லை.