ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நாளும் பொழுதும்: டேட் முதல் டெம்போரல் வரை

இணைய உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் முதல் வடிவத்தை, 1995 மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் பத்தே நாள்களில் எழுதி முடித்தார். ஜாவாவைப் போலத் தோன்ற வேண்டும் என்று நிர்வாகம் வலியுறுத்தியிருந்தமையால், நாளையும் நேரத்தையும் கையாளும் ‘டேட்’ என்னும் பகுதி தனியே வடிவமைக்கப்படாமல், ஜாவாவில் அதே பெயரில் இருந்த பகுதியிலிருந்து கென் ஸ்மித் என்பவரால் பெயர்த்து எழுதப்பட்டது. அடுத்த முப்பதாண்டுச் சிக்கல்களுள் பெரும்பாலானவை இந்த அவசர முடிவிலிருந்தே கிளைத்தன.

டேட் உள்ளே வைத்திருப்பது ஓர் எண்ணை மட்டுமே: 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, ஒருங்கிணைந்த உலக நேரப்படி, கடந்துவிட்ட மில்லி விநாடிகளின் எண்ணிக்கை. மாதங்களைச் சுழியத்திலிருந்து எண்ணுவதும் (ஜனவரி 0, டிசம்பர் 11), ஆண்டிலிருந்து 1900ஐக் கழித்துத் தருவதும் சி மொழியிலிருந்து ஜாவா வழியாக வந்து சேர்ந்த வழக்கங்களாகும். ஜாவா 1997இலேயே இப்பகுதியின் பெரும்பாலான செயற்கூறுகளைக் கைவிடத்தக்கவை என அறிவித்து மாற்று வழியைத் தந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட வலைப்பக்கங்கள் எந்த உலாவியிலும் தொடர்ந்து இயங்கியாக வேண்டும் என்பதால், பழையதை நீக்காமல் அதன் அருகே புதியதைச் சேர்ப்பதே இம்மொழியின் திருத்தமுறையாயிற்று.

அதன் முதல் விளைவு 2000 ஜனவரி 1 அன்று வெளிப்பட்டது. ‘கெட்இயர்’ என்னும் செயற்கூறு 1999க்கு 99 என்று விடை தந்ததால், அதன் முன்னே 19 என்ற எண்ணை ஒட்டிப் பல நிரலர்கள் ஆண்டைக் காட்டிவந்தனர். புத்தாண்டில் அது 100 என்று விடை தந்ததும் பல பக்கங்களில் 19100 என்ற ஆண்டு தோன்றியது. அமெரிக்காவின் அதிகாரபூர்வ நேரத்தைக் காக்கும் கடற்படை வானாய்வகத்தின் வலைத்தளமும் அவற்றுள் ஒன்று. முழு ஆண்டைத் தரும் ‘கெட்ஃபுல்இயர்’ ஜாவாஸ்கிரிப்டின் தரவரைவான எக்மாஸ்கிரிப்டின், 1997இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தும், பழைய வழக்கம் அதனை முந்திக்கொண்டது.

இவற்றைவிட ஆழமான குறை, காலத்தில் ஒரு கணத்தையும் நாட்காட்டியில் ஒரு தேதியையும் டேட் வேறுபடுத்தாததாகும். ஒருவரின் பிறந்தநாள் ஒரு தேதி. அதற்கு நேர வலயம் தேவையில்லை. ஆயினும் டேட் அதனையும் ஒரு கணமாக மாற்றியே சேமிக்கிறது. நேர வலயம் குறிப்பிடாமல் எழுத்து வடிவில் தரப்பட்ட தேதிச் சரத்தை, தரவரைவின் 2009இன் ஐந்தாம் பதிப்பு உலக நேரமாகக் கொண்டது. 2015இன் பதிப்பு உள்ளூர் நேரமாகக் கொண்டது. 2016இன் பதிப்பு, தேதி மட்டும் இருந்தால் உலக நேரம், மணியும் சேர்ந்திருந்தால் உள்ளூர் நேரம் என்று சமரசம் செய்தது. இதனால் 2024-01-15 என்ற சரம் நியூயார்க்கில் ஜனவரி 14ஆம் நாள் மாலையாகிவிடுகிறது. சென்னையில் அது 15ஆம் நாள் காலை 5.30 ஆவதால் தேதி மாறுவதில்லை. இந்திய நிரலர்களின் சோதனையில் இப்பிழை சிக்காமல் நழுவ இதுவே காரணம்.

நேர வலயங்களின் வரலாற்றையும் பழைய தரவரைவுகள் கருதவில்லை. உள்ளூர் நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை அவை ஒரு மாறிலியாகவே வைத்தன. இலங்கையோ 1996 மே மாதத்தில் +6.30க்கும், அதே ஆண்டு அக்டோபரில் +6.00க்கும் மாறி, 2006 ஏப்ரலில்தான் +5.30க்குத் திரும்பியது. அவ்விதியை அப்படியே பின்பற்றும் நிரல், 2000ஆம் ஆண்டில் கொழும்பில் நண்பகலில் பதிவான நிகழ்வை இன்று முற்பகல் 11.30 என்று காட்டும். இத்தகைய மாற்றங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஐயானா நேர வலயத் தரவுத்தளத்தை 2015ஆம் ஆண்டுப் பதிப்பு பரிந்துரைத்தது.

இடைக்காலத்தில் இக்குறைகளை நிரப்பியது 2011இல் தோன்றிய மொமெண்ட் என்னும் நிரலகம். அதன் பராமரிப்பாளர்களுள் ஒருவரான மேகி பிண்ட் 2017இல், ஜாவாஸ்கிரிப்டின் தரவரைவை வகுக்கும் குழுவின் முன் வைத்த முன்மொழிவே டெம்போரல். கணத்துக்கு ஒரு வகை, வெறுந்தேதிக்கு ஒரு வகை, நேர வலயத்தோடு கூடிய நேரத்துக்கு ஒரு வகை என்று அது பிரித்துக்கொண்டது. மாதத்தை ஒன்றிலிருந்து எண்ணியது. ஒருமுறை உருவாக்கிய மதிப்பு பின்னர் மாற்றப்படுவதையும் தடுத்தது. 2021 மார்ச்சில் அக்குழுவின் ஏற்புப் படிநிலைகளுள் மூன்றாவதை எட்டிய அது, 2025 மே மாதத்தில் ஃபயர்பாக்ஸ் 139இல் பயன்பாட்டுக்கு வந்தது. டேட் நீக்கப்படவில்லை, இரண்டும் அருகருகே இயங்குகின்றன.

கிரெகோரியன் அல்லாத நாட்காட்டிகளுக்கும் டெம்போரல் இடமளிக்கிறது. இந்திய அரசின் சக நாட்காட்டி அவற்றுள் உண்டு. தமிழ் நாட்காட்டி இல்லை. சூரியன் ஒவ்வொரு ராசியிலும் புகும் நேரத்தைக் கொண்டு மாதப் பிறப்பு கணிக்கப்படுவதால், தமிழ் மாதங்களின் நீளம் 29 முதல் 32 நாள்கள் வரை வேறுபடுகிறது. சக நாட்காட்டியைப் போல நிலையான மாத நீளங்களை வைத்து அதனை நிரலாக்க இயலாது, வானியல் கணிப்பே அதற்குத் தேவைப்படும்.