கருமணலும் காற்றாலையும்

காற்றுக்கும் கதிரவனுக்கும் விலையில்லை. அவை தீர்ந்துபோவதும் இல்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து வாழ்ந்த உலகம் இன்று அவற்றின் பக்கம் திரும்புவதற்கு இது ஒரு பெருங்காரணம். ஆயினும் காற்றைப் பிடித்து மின்சாரமாக்கும் பொறி இரும்பாலும் செம்பாலும் காந்தத்தாலும் ஆனது. எரிபொருளுக்கு இருந்த எல்லை, பொறியைச் செய்யும் கனிமத்திற்கு இடம் மாறியிருக்கிறது எனலாம். அந்த எல்லை எத்தன்மையது என்று அறிய, வருங்காலக் கணக்குகளோடு கடந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலுக்கு அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. விளக்கு, அணு, காந்தம் என மூன்று தேவைகள் அடுத்தடுத்து அந்த மணலைத் தேடி வந்தன.

தனிமையின் பெயர் பூண்ட கனிமம்

மேற்கு மலைத்தொடரின் பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து ஆறுகளின் வழியே கடலை அடைகின்றன. கடல் அவற்றை மீண்டும் கரையில் சேர்க்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் அலைகள் கரையை மோதும்போது இலேசான வெண்மணல் விலகிப்போக, கனமான மணிகள் தங்கிவிடுகின்றன. முறத்தால் புடைப்பது போன்ற வேலையைக் கடல் செய்கிறது. அவ்வாறு தங்கியவற்றுள் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றோடு மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடைய மோனசைட்டும் உண்டு.

1829-இல் இக்கனிமத்திற்குப் பெயரிட்ட ஜெர்மானியக் கனிமவியலார் பிரைட்ஹாப்ட், 'தனித்திருத்தல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார். பெயர் தனிமையைக் குறித்தாலும் உள்ளே ஒரு கூட்டமே குடியிருக்கிறது. தோரியமும், அருமண் தனிமங்கள் எனப்படும் சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலியனவும் அதில் கலந்துள்ளன. அருமண் தனிமங்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்த குணம் உடையவை. அவற்றைப் பிரித்தெடுப்பது வேதியியலின் கடினமான பணிகளுள் ஒன்று.

விளக்கின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய நகரங்களின் தெருக்கள் நிலக்கரி வாயு விளக்குகளால் ஒளி பெற்றன. 1879-இல் எடிசன் மின்விளக்கைச் செய்து காட்டியபின் வாயு விளக்கு தன் வாழ்வைக் காத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதைக் காத்தவர் ஆஸ்திரிய வேதியியலார் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். 'இரட்டை' என்னும் பொருளில் டிடிமியம் என்று பெயர் பெற்று, ஒரே தனிமமாகக் கருதப்பட்டு வந்த பொருளை 1885-இல் இரண்டாகப் பிரித்தவர் அவர். அவ்விரண்டில் ஒன்றே நியோடிமியம். அதே ஆண்டில் அவர் வாயு விளக்கிற்கான மேண்டிலுக்கும் காப்புரிமை பெற்றார். முதலில் செய்த மேண்டில் பச்சை சாயல் காட்டியதால் வணிகத்தில் வெல்லவில்லை. 1891-இல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்ட மேண்டிலைச் செய்தபோது நல்ல வெண்ணொளி பிறந்தது.

பருத்தி வலையை உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்தி எரித்தால், நூல் போய்ச் சாம்பல் வலை எஞ்சும். சுடரில் அது வெண்மையாய்ச் சுடர்விடும். விரல் பட்டால் பொடியாகும். பிற்காலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் வழியாகத் தமிழகத்துத் திருமணப் பந்தல்களும் கூத்துக் களங்களும் கண்டது இந்த ஒளியையே.

இவ்வொளிக்குத் தோரியம் வேண்டியிருந்தது. முதலில் நார்வே நாட்டுக் கற்களிலும், பின்னர் அமெரிக்காவின் கரோலினா மணலிலும், அதன்பின் பிரேசில் கடற்கரைகளிலும் அது தேடப்பட்டது. வணிகம் பெரும்பாலும் ஜெர்மானிய நிறுவனங்களின் கையில் இருந்தது. இந்நிலையில்தான் திருவிதாங்கூர் மணல் வெளிச்சத்திற்கு வந்தது. அந்நாட்டிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். தென்னை மட்டையை ஊறவைத்து அடித்துத் தும்பெடுத்துத் திரித்தவர்கள் அறியாமலேயே அந்த மணலும் கப்பலேறியிருந்தது. பிரேசில் மணலைவிடத் தோரியம் மிகுந்த மணல் அது. 1910-இல் மணவாளக்குறிச்சியிலும், பின்னர் சவறாவிலும் மணலைப் பிரிக்கும் ஆலைகள் எழுந்தன. 1914-இல் உலகப் போர் மூண்டது. ஷோம்பெர்க் ஒற்றர் என்னும் குற்றச்சாட்டில் சிறைப்பட்டார். தொழில் இலண்டன் நிறுவனமொன்றின் கைக்கு மாறியது.

ஆயினும் மேண்டிலின் பொற்காலம் நீடிக்கவில்லை. அதை வீழ்த்தியது தோரியப் பஞ்சம் என்று கூறுவதற்கில்லை. மின்விளக்கே அதை வென்றது. அந்த மின்விளக்கும் கனிம எல்லையைச் சந்தித்தே வளர்ந்தது. வெல்ஸ்பாக் முயன்ற ஆஸ்மியம் இழை மிக அரிய உலோகமாதலால் நிலைபெறவில்லை. அடுத்து வந்த டான்டலம் இழையும் சில ஆண்டுகளில் பின்தங்கியது. இறுதியில் டங்ஸ்டன் இழை வென்றது. ஒரு பொருள் அரிதானால் மனித அறிவு வேறொன்றைத் தேடும் என்பது இவ்வரலாறு தரும் முதற்பாடம்.

இரண்டாம் பாடமும் ஒன்றுண்டு. தோரியத்தை எடுத்தபின் எஞ்சிய அருமண் தனிமங்கள் அக்காலத்தில் கழிவாகக் குவிந்தன. அக்குவியலுக்குப் பயன் தேடிய வெல்ஸ்பாக், 1903-இல் சீரியத்தையும் இரும்பையும் கலந்து, உரசினால் பொறி பறக்கும் கல்லைச் செய்தார். சிகரெட் லைட்டரில் இன்றும் இருப்பது அதுவே. ஆனால் அவர் தாமே கண்டெடுத்த நியோடிமியத்திற்கு அன்று பெரும்பயன் ஏதும் வாய்க்கவில்லை.

அணுவின் காலம்

1945-க்குப்பின் தோரியம் வேறு கண்ணால் பார்க்கப்பட்டது. அணு உலைக்கு எரிபொருளாகத் தக்க பொருளாக அது மதிக்கப்பட்டது. 1947 ஜூன் மாதத்தில் திருவிதாங்கூர் திவான் சி. பி. இராமசாமி ஐயர் தம் நாடு தனித்து நிற்கும் என அறிவித்தபோது, கடற்கரை மணலின் மதிப்பும் அந்தத் துணிவிற்கு வலு சேர்த்தது. அம்முயற்சி இரண்டு மாதங்கள்கூட நிலைக்கவில்லை. 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றியது. 1952-இல் ஆலுவாயில் மோனசைட் ஆலை இயங்கத் தொடங்கியது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழரின் மாநிலத்தோடு இணைந்தபோது மணவாளக்குறிச்சியும் அதனோடு வந்தது. ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் தோரியம் இறுதிக் கட்டத்திற்குரியது. அக்கட்டத்தை நாடு இன்னும் எட்டவில்லை.

காந்தத்தின் காலம்

1978-இல் ஜையர் நாட்டின் ஷாபா மாநிலத்தில் படையெடுப்பு நிகழ்ந்தது. இன்று அந்நாடு காங்கோ மக்களாட்சிக் குடியரசு, அம்மாநிலம் கட்டாங்கா. உலகின் கோபால்ட் பெருமளவு அங்கிருந்தே வந்ததால் அதன் விலை பன்மடங்கு உயர்ந்தது. அக்காலத்து வலிமை மிக்க காந்தங்கள் சமாரியமும் கோபால்ட்டும் கலந்தவை. கோபால்ட் இல்லாத காந்தத்தைத் தேடியவர்கள், நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தத்தை 1980-களின் முற்பகுதியில் அடைந்தனர். ஜப்பானில் சகாவா மசாட்டோவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே இதனைக் கண்டனர். ஒரு கனிமத்தின் தட்டுப்பாடு மற்றொரு கனிமத்தின் ஆட்சிக்கு வழிவகுத்தது.

பற்சக்கரப் பெட்டியின்றி நேரடியாகச் சுழலும் காற்றாலை மின்னாக்கிகளில் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ அளவில் இக்காந்தம் தேவைப்படுகிறது. அதன் எடையில் பத்தில் மூன்று பங்கு அருமண் தனிமம். மின்சார வாகனங்களின் இயக்கிகளில் பெரும்பாலானவையும் இக்காந்தத்தையே நாடுகின்றன. இவ்வாறு மோனசைட்டின் மதிப்பு தலைகீழாயிற்று. அன்று தோரியம் செல்வம், நியோடிமியம் கழிவு. இன்று நியோடிமியம் செல்வம், கதிரியக்கமுடைய தோரியம் சுமை.

எல்லை இருக்கும் இடம்

பெயரில் அருமை இருப்பினும் அருமண் தனிமங்களில் பல பூமியில் அத்துணை அரியன அல்ல; சீரியம் ஏறத்தாழச் செம்பின் அளவுக்கு உண்டு. எனவே எல்லையை இருப்பின் அளவில் மட்டும் தேடினால் அது அகப்படாது.

முதல் எல்லை பிரித்தெடுத்தலில் இருக்கிறது. ஒத்த குணமுடைய தனிமங்களைப் பிரிக்க அமிலமும் கரைப்பான்களும் கொண்டு நூற்றுக்கணக்கான படிகளைக் கடக்க வேண்டும். உலகில் இப்பணியின் பத்தில் ஒன்பது பங்களவு சீனாவில் நடைபெறுகிறது. 2010-இல் ஜப்பானுடன் பூசல் எழுந்தபோது ஏற்றுமதி தடைப்பட்டு, மறு ஆண்டில் விலை மலையேறியது. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு அந்நாடு உரிமம் கட்டாயமாக்கியது. அவற்றுள் ஒன்று டிஸ்புரோசியம். காந்தம் வெப்பத்தில் வலிமை இழவாதிருக்க அது சேர்க்கப்படுகிறது. 1886-இல் அதைக் கண்டவர் இட்ட பெயருக்குக் கிரேக்கத்தில் 'கிட்டுதற்கு அரியது' என்பது பொருள். நம் கடற்கரை மோனசைட்டில் அது மிகச் சிறிதளவே உண்டு.

இரண்டாம் எல்லை எஞ்சுவதில் இருக்கிறது. மலேசியாவில் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில், ஈயச் சுரங்கக் கழிவிலிருந்த மோனசைட்டைப் பிரித்த ஆலை ஒன்று இயங்கியது. தோரியக் கழிவை எதிர்த்து ஊர் மக்கள் நெடுங்காலம் போராடினர், நீதிமன்றமும் சென்றனர். 1994-இல் ஆலை மூடப்பட்டது. சீனாவின் பாவ்தோ நகருக்கு வெளியே இத்தகைய கழிவு ஏரியாகத் தேங்கியிருக்கிறது.

மூன்றாம் எல்லை நிலத்தில் வாழ்வோரின் இசைவு. குமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டம் குறித்து 2024 அக்டோபரில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், கடற்கரை ஊர்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. கரை கரைந்தால் வலையும் வள்ளமும் வைக்க இடமிராது என்னும் அச்சம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அதே மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பற்சக்கரப் பெட்டியும் செம்புச் சுருளும் கொண்டு, அருமண் காந்தமின்றி இயங்கும் பழைய வகையின. காற்றைப் பிடிக்க ஒரே வழிதான் உண்டு என்னும் கூற்றுக்கு அவையே மறுப்பு. பழைய பொறிகளின் காந்தத்தை மீட்டெடுப்பதும், காந்தத்தைக் குறைத்துச் செய்வதும் பிற வழிகள்.

மேண்டிலுக்கு மாற்று வந்தது. ஆஸ்மியத்திற்கும் கோபால்ட் காந்தத்திற்கும் மாற்று வந்தது. ஆனால் மாற்று வந்து சேர்வதற்கு முன்னரே மணல் அள்ளப்பட்டிருந்தது என்பதையும் வரலாறு சொல்கிறது. புகையில்லாத மின்சாரம் உலகிற்கு இன்றியமையாதது. அதன் விலையை நெய்தல் நிலத்தார் மட்டும் கொடுக்க வேண்டும் என்பது நியாயமாகாது.

எண்ணிலடங்காமைக்கு மணலை உவமை காட்டி வாழ்த்துவது பழந்தமிழ்ப் புலவர் மரபு. இன்று அம்மணல் டன் கணக்கிலும் ஹெக்டேர் கணக்கிலும் எண்ணப்படுகிறது. எண்ணும் இடத்தில் கரையில் வாழ்பவரும் அமர்ந்திருக்க வேண்டும். ஒளியின் இந்த மூன்றாம் காலம் முந்தைய இரண்டினும் மேம்பட்டதா என்பதை அதுவே தீர்மானிக்கும்.